வெள்ளிக்கிழமை வருபவர்

“ஆத்தங்கரையில நாள் முழுக்க என்ன செய்யிறியள்?” என்று கலியாணமான புதிதில் வத்சலா கேட்டிருந்தாள்.

“பாஸ் மீனைப் பிடிக்கிறம், திரும்ப விடுறம். உமக்கு இதெல்லாம் விளங்காது” என்று குகதாசன் சிரித்திருந்தான்.

பதினாறு வருடங்கள் போய்விட்டன. இந்தச் சனிக்கிழமையும் மொன்ட்ரியாலின் லசீன் கரையிலிருந்து குகதாசன் வியப்போடு வீட்டுக்கு வந்தான்.

“வத்சலா, ஒவ்வொரு வெள்ளியும் ஒராள் வருதாம். நேற்று ஐஞ்சு இறாத்தல் பாஸைப் பிடிச்சு, முத்தம் குடுத்துத் தண்ணியில விட்டதாம்! என்னோட மீன் பிடிக்கிற சேவியர் தூரத்தில நிண்டு பார்த்தவன். தொப்பி மட்டும்தானாம் தெரிஞ்சது.”

“அப்ப ஆளை எப்பிடிக் கண்டுபிடிப்பியள்?” என்று தேநீரை நீட்டினாள்.

“கட்டைவிரலைப் பார்த்தாப் போதும். பாஸின்ர வாய்க்குள்ள கட்டைவிரலை விட்டுத்தான் தூக்கோணும். அதின்ர பல்லு அரம் மாதிரித் தோலை உரசிப்போடும். அந்த மனிசனைக் கண்டா காலில விழுவன்! அதென்ன, உம்மட விரலில பிளாஸ்டர்? தேங்காய் திருவேக்க கவனமா இரும்.”

வத்சலா பிளாஸ்டரை உரித்துவிட்டு, தன் கட்டைவிரலை அவனுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுடையதில்தான் கீறல்கள் அதிகம்.

குகதாசன் அந்த விரலை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டான்.

“காலில விழ வேண்டாம்” என்றாள் வத்சலா. பிறகு, பதினாறு வருடங்களாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள்.

“வாற சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ.”