வரி முறிந்த இடத்தில் கழித்தல் குறி

நீளமான சமன்பாடு ஒன்று பக்கத்தின் அகலத்துக்குள் அடங்கவில்லை. அச்சுக்கோப்பவர் அதைக் கழித்தல் குறி நின்ற இடத்தில் இரண்டு வரியாக முறித்தார். குறியின் இடப்பக்கம் இருந்த எட்டு மேல்வரியிலேயே தங்கிவிட்டது. வலப்பக்கம் இருந்த மூன்று கீழ்வரிக்கு இறங்க வேண்டியதாயிற்று.

"என்னோடயே இரு," என்றது எட்டு, கழித்தல் குறியிடம். "நீ போயிட்டா கணக்கு இங்கேயே முடிஞ்சுதுன்னு நினைச்சுக்குவாங்க."

"நீங்க வராட்டி என்னைக் கழிக்கணும்னு யாருக்குத் தெரியும் அண்ணே?" என்றது மூன்று.

கழித்தல் குறிக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. மேல்வரியின் கடைசியில் நின்றது. கீழ்வரியின் தொடக்கத்திலும் நின்றது. குறிகளால் அப்படி நிற்க முடியும். எட்டும் மூன்றும் நிம்மதியடைந்ததைப் பார்த்து அதற்கும் மனம் நிறைந்தது.

படிக்க வந்தவர் மேலே ஒரு கழித்தலைக் கண்டார், கீழே இன்னொன்றைக் கண்டார். இரண்டு கழித்தல் சேர்ந்தால் கூட்டல் என்று மூன்றைக் கூட்டிவிட்டுப் போனார்.

கீழ்வரியின் கோடியில், கழித்து வந்த விடைக்கு முன்னால் நின்ற சமக்குறி தணிந்த குரலில் சொன்னது:

"ரெண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாயிட்டே, தம்பி. இனிமே இங்கே பொய் சொல்லிக்கிட்டு நிக்கப்போறது நான்தான்."