சிவப்புப் பட்டி

"அந்தத் தெருநாய் இனி லயத்துப் பக்கம் வரக்கூடாது! சோறு வைக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்!"

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் முன்னால் நின்று தோட்டத் தலைவர் நாகலிங்கம் இப்படிக் கத்தாத நாள் கிடையாது. அதனால்தான், நாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட வேன் வந்த அன்று, தர்மிளா அந்தக் கட்டை நாயைத் தேயிலைக் கொழுந்துச் சாக்கில் ஒளித்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

"பேரு என்ன?" என்று கேட்டார் டொக்டர்.

"ராணிங்க."

நாயின் கிழிந்த காதைப் பார்த்த டொக்டர் சிரித்துவிட்டார். "நங்கி," என்று சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்து அழைத்தார். "இதுக்குக் காலையிலயே ஊசி போட்டாச்சு. அடையாளத்துக்குக் கழுத்துல சிவப்புப் பட்டியும் கட்டினேன். அப்ப இதோட பேரு கறுப்பன்."

"பட்டியைக் காணோமேங்க?"

"கொண்டுவந்தவரு அப்பவே கழட்டிட்டாரு. லயத்துல தெரிஞ்சா மானம் போயிருமாம்."

யாராக இருக்கும் என்று யோசித்தபடியே சாக்கோடு திரும்பியவளை, லயத்து வாசலில் தலைவர் மறித்தார்.

"சாக்குல என்னா?"

"கொழுந்துங்க."

கொழுந்து குரைத்தது. அடுத்த நொடி சாக்கிலிருந்து பாய்ந்து, தலைவரின் மேல் தாவி முகத்தை நக்கியது. அந்தத் தள்ளுமுள்ளில் அவருடைய சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பட்டி ஒன்று கீழே விழுந்தது.

தர்மிளா பட்டியைப் பார்த்தாள். தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நீ அதுக்கு என்னா புள்ள போடுற?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"அந்திக்குச் சோறும் கருவாடுங்க."

"அப்ப காலையில நான் ஒரு ரொட்டியோட நிப்பாட்டிக்கிறேன். வயிறு ஊதிப்போச்சு அதுக்கு."

நாயை அவரே சாக்குக்குள் விட்டு, சாக்கின் வாயைச் சுருட்டி அவளிடம் கொடுத்தார். பிறகு லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"கொழுந்துதானே? சரி, கொண்டு போ!"