யாருக்கு உதவினீர்கள்?

தூத்துக்குடித் துறைமுகத்தில், அறைக்குள் உட்கார்ந்தபடியே கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. மாலையில் வளர்ச்சி நாட்குறிப்பைச் சொல்லி முடித்தால்தான் வாசல் கதவு திறக்கும். “இன்று என்ன கற்றீர்கள்? யாருக்கு உதவினீர்கள்?” என்று கதவே கேட்கும். பேர் சொல்லாத உதவியை ஏற்றுக்கொள்ளாது.

வேலைக்குப் புதிதாக வந்த ஜெசிந்தா, யார் பேரைச் சொல்வதென்று தெரியாமல் கதவின்முன் திருதிருவென்று விழித்தாள். அவளுக்கு வேலை பழக்கிய மரகதம்தான் இரக்கப்பட்டாள்.

“எம்பேரைச் சொல்லு பிள்ள. எனக்கென்ன கொறஞ்சா போயிரும்?”

அன்றிலிருந்து தினமும் அவள் பேர்தான். மரகதத்துக்குப் பெட்டி இறக்கச் சொல்லிக்கொடுத்தேன், மரகதத்தின் தப்பைத் திருத்தினேன் என்று ஜெசிந்தா அடுக்குவாள். பக்கத்தில் நின்று மரகதம் சிரிப்பாள். தன் முறைக்கு வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தால் போதும் அவளுக்கு.

பொங்கல் கழிந்து, நாட்குறிப்பில் சேர்ந்த உதவிகளுக்காகவே ஜெசிந்தா மேற்பார்வையாளர் ஆனாள். மரகதம் மக்ரூன் பொட்டலத்தோடு வாழ்த்தப் போனாள். ஜெசிந்தா நிமிர்ந்து பார்க்கவில்லை.

“தெனமும் அடுத்தவங்க ஒதவி வேண்டியிருக்குன்னு நாட்குறிப்பு உங்களை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லுதுக்கா. இன்னையோட.”

“நடந்ததைச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா எனக்கும் வேலை போயிரும்லா.”

பொட்டலத்தை மேசையிலேயே விட்டுவிட்டு மரகதம் வாசலுக்கு வந்தாள். யாருக்கு உதவினீர்கள் என்று கேட்டால் இன்றைக்குச் சொல்ல அவளிடம் ஒரு நிஜப் பேர் இருந்தது.

கதவு ஒன்றும் கேட்காமல் திறந்துகொண்டது.