விடு மாப்ள

பலகை தலைக்கு மேலே இருந்தது. ஒரு முனையில் அவன், மறுமுனையில் மச்சான், ஆளுக்கொரு ஏணியில்.

மச்சான் என்றால் வாய்க்கு வந்தபடி கூப்பிடுகிற மச்சான் இல்லை. மனைவியின் கூடப் பிறந்த அண்ணன்.

தோட்டத்தைப் பார்த்தபடி மூன்று பக்கமும் திறந்து கிடக்கும் உட்காரும் இடம் அது. சாரல் அடிக்கும், பனி இறங்கும். அங்கே உள்கூரைக்கு ஈரம் தாங்கும் பச்சை ஜிப்சம் பலகைதான் போட வேண்டும். அறைக்குள் போடுகிற வெள்ளைப் பலகையைப் போட்டால் ஒரே மழைக்காலத்தில் ஊறி, தொந்தி போட்டுவிடும்.

மூலை வீட்டில் அப்படித்தான் தொந்தி போட்டது.

வெள்ளைப் பலகையை வாங்கி வந்தவன் மச்சான். வெளியே இது ஆகாது என்று அவன் சொன்னதற்கு, எல்லாம் தாங்கும் என்று மேலே ஏற்றியவனும் மச்சான்தான். ஆனால் அந்த வீட்டுக்காரர் மச்சானை வாசலில் நிற்க வைத்துக் கத்தியபோது, இரண்டு பேரும் சேர்ந்து செய்த தப்பு என்று அவனும் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

அதற்குப் பிறகு அவனைத் தனியாக யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. தெரிந்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டான். மச்சானுக்கு மட்டும் வேலை வந்துகொண்டே இருந்தது. தன்னையும் மறக்காமல் கூட்டிப் போகிறானே என்று நன்றி வேறு, பைத்தியக்காரனுக்கு.

வேலையில் இருவருக்கும் நடுவே ஒரே ஒரு பேச்சுதான். ஸ்குரூ இறங்கிப் பலகை சட்டத்தைப் பிடித்ததும், ‘விடு மாப்ள’ என்பான் மச்சான். அது காதில் விழும்வரை கழுத்தே ஒடிந்தாலும் அவன் கையை எடுக்க மாட்டான். விழுந்தபின் ஒரு நொடிகூட வைத்திருக்க மாட்டான். இத்தனை வருடத்தில் அது கைக்கே பழகிப்போயிருந்தது.

பலகையைச் சட்டத்தோடு சேர்த்து முட்டுக் கொடுத்து நின்றபோதுதான் வீட்டுக்காரம்மா வெளியே வந்தார். அவனை அன்றுதான் முதல்முறை பார்க்கிறார்.

“நீங்களாவது நல்லாப் பாத்துப் போடுங்க தம்பி. மூலை வீட்டுல வெள்ளை போர்டைப் போட்டுத் தொங்க விட்டானே, இவரோட தங்கச்சி வீட்டுக்காரன், அவனை இப்ப வேலைக்கே சேர்க்கிறதில்லன்னு இவர் சொன்ன பிறகுதான் நாங்க சரின்னோம்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவனுடைய இரண்டு கைகளும் பலகையைத் தாங்கிக்கொண்டிருந்தன. கண்ணைத் துடைக்கவும் கை இல்லை.

யாரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தானோ, அவனே தெருவெல்லாம் தன் பெயரைக் கெடுத்திருக்கிறான். கெடுத்துவிட்டு, தன்னையே யாரோ ஒரு எடுபிடி மாதிரி கூட்டி வந்து நிற்க வைத்திருக்கிறான்.

கழுத்தைத் திருப்பி மறுமுனையைப் பார்த்தான்.

மச்சான் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. கையிலிருந்த ஸ்குரூ மெஷினால் தொடையில் தட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சிரித்தான். பிறகு, ஈயை விரட்டுவது போலச் சொன்னான்.

“விடு மாப்ள.”

அவன் விட்டான்.

பலகையில் அதுவரை ஒரு ஸ்குரூகூட இறங்கியிருக்கவில்லை.