வீட்டுக்காரருக்காக ஒரு கேள்வி

ட்ரோன்ஹெய்ம் நகரில், புற்றுநோய் உதவி எண்ணுக்கு அன்று காலை வந்த முதல் அழைப்பை எடுத்தவள் குன்வோர்.

"என் வீட்டுக்காரருக்காகக் கேக்கிறேன்," என்றது ஒரு பெண்குரல். "ஆசனவாயில ரத்தம் கசியுது. மூலம்தான்னு களிம்பு தடவியே நாலு மாசம் ஓட்டிட்டார்."

"அரிப்பு, வலி, கட்டி மாதிரி ஏதாவது?"

"பட்டாணி அளவுக்கு ஒண்ணு தட்டுப்படுது. புற்றுநோயா இருக்குமா?"

"மூலமாவும் இருக்கலாம். டாக்டர் விரலால தொட்டுப் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதிச்சாத்தான் தெரியும். புற்றுநோய்னாலும் அங்கே வர்றது பெரும்பாலும் சிகிச்சைக்குக் கட்டுப்படுற ஒரே வகைதான். சீக்கிரம் கண்டுபிடிச்சா நல்லாவே குணமாகும்."

"வெட்டி எடுத்துட்டு, மலம் போக வயித்துல பை மாட்டிடுவாங்களாமே?"

"நிறைய பேருக்கு அது தேவைப்படாது. கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துக் கொடுப்பாங்க."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "இதைப் போய் டாக்டர்கிட்ட எப்படிக் காட்டுறது? வெக்கமா இருக்காதா?"

"அவங்க தினமும் பார்க்கிறதுதானே! நாளைக்கே போகச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி எங்க நர்ஸ் அவரோட பேசுவாங்க. அவர் பேரு, நம்பர் சொல்லுங்க."



"சிக்னேன்னு என் பேரையே எழுதிக்கோங்க. அவர் தவறி ஒன்பது வருஷமாச்சு."

குன்வோர் எழுதிக்கொண்டாள்.

"பரவாயில்ல சிக்னே. ஆறு வருஷம் முன்னாடி இதே நம்பருக்கு நானும் என் தம்பிக்காகக் கேட்டேன்."

"தம்பி இப்ப எப்படி இருக்கார்?"

"எனக்குத் தம்பியே கிடையாது. நான் நல்லா இருக்கேன்."