சாப்பிட்டதாகப் பதிவு

ஓசூர் தொழிற்சாலையில் பேட்டரி கோர்க்கும் ஜெசிந்தாவுக்குச் சர்க்கரை நோய். அவள் இடுப்பில் ஒட்டியிருந்த கருவி, தொழிற்சாலையின் நேரப் பதிவைப் பார்த்து, அவள் சாப்பிடும், தேநீர் குடிக்கும் வேளைகளில் தானாக இன்சுலின் போடும்.

அன்று அவசர ஆர்டர். மணி அடித்தும் மேற்பார்வையாளர் குமரகுரு யாரையும் சாப்பிட விடவில்லை. ஆனால் சுவர்த்திரையில் எல்லாப் பெயர்களுக்கும் நேராக ‘உணவு இடைவேளை முடிந்தது’ என்று விழுந்தது. ஜெசிந்தாவின் இடுப்பில் சுருக்கென்று குத்தியது.

“சார், நான் இன்னும் சாப்பிடல! ஊசி ஏறிடுச்சு!”

“சாப்பிட்டாச்சுன்னு பதிவாயிருக்கே. உக்காரும்மா.”

அவர் திரையைத்தான் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

மதியம் ஏற ஏற, சர்க்கரை இறங்கி அவள் கைகள் உதறின. சட்டை வியர்வையில் நனைந்தது. கண் இருட்டி நாற்காலியிலிருந்து சரிந்தாள். பக்கத்தில் இருந்த நஸ்ரீன் தன் பையிலிருந்த பழச்சாற்றை அவள் வாயில் புகட்டினாள்.

“முழுங்குக்கா, முழுங்கு!”

இரண்டு மிடறு இறங்கியது. அதற்குள் திரையில் ‘தேநீர் இடைவேளை முடிந்தது’ என்று வந்துவிட்டது. பீதியில் ஜெசிந்தா இடுப்பைத் தடவினாள். விரல்களில் வலுவில்லை.

“நஸ்ரீன்... பிய்ச்சிடு!”

நஸ்ரீன் தோலோடு பிய்த்து எறிந்தாள். ஜெசிந்தா குடிக்காத தேநீருக்கான மருந்தைக் கருவி தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.