முதல் ஏற்றம்

ஆறாவது மலையில் மச்சினன் உட்கார்ந்துவிட்டான்.

முழங்கால் வீங்கிச் சுரைக்காய் மாதிரி இருந்தது. அதைத் தடவிக்கொண்டே மேலே கையைக் காட்டினான்.

"இனி ஒரு மலைதானுங்க மச்சா. நீங்க போயி அக்காளுக்குக் கேட்டுப்போட்டு வாங்க."

அவர் மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு தனியே ஏறத் தொடங்கினார்.

அவர் மனைவி தமயந்தி கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஈரல் கெட்டுவிட்டது. இனி ஆண்டவன் கையில் என்று டாக்டர் ஏதோ பேச்சுக்குச் சொல்லப்போக, அவள் வீட்டார் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். ஆண்டவன் எங்கே இருக்கிறார் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே கிடையாது.

ஏழாவது மலையில் இருக்கிறார்.

அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை. மலைக்கு முதன்முறை ஏறுகிறவன் ஒன்றே ஒன்று கேட்கலாம். கேட்டது கிடைக்கும். அடுத்த முறை போனால் கும்பிட்டுவிட்டு வரலாம், அவ்வளவுதான். மச்சினன் நாச்சிமுத்து பதினோரு தடவை ஏறியவன். முதல் ஏற்றத்தில் அரசாங்க வேலை கேட்டு, பஸ் கண்டக்டராகவும் ஆகிவிட்டான். வீட்டில் ஏறாமல் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

சாமி கும்பிடாத மாப்பிள்ளை.

சோமனூரில் தறி ஓட்டுகிறவர். கூலிப் பேச்சுவார்த்தையில் அதிகாரிகள் முன்னாலேயே மேசையைத் தட்டிப் பேசியவர். யார் காலிலும் விழுந்ததில்லை. கல்யாணத்தன்று மாமனார் காலில் விழச் சொன்னார்கள். கையைக் குலுக்கிவிட்டு வந்துவிட்டார்.

இப்போதும் அவர் கெஞ்ச வரவில்லை. நியாயம் கேட்க வந்திருக்கிறார்.

கேட்க வேண்டியதை முதல் மலையிலேயே கோத்து வைத்தாகிவிட்டது. ஏற ஏற அதைத் தீட்டிக்கொண்டே வந்தார். இருபத்திரண்டு வருஷம் திங்கள் தவறாமல் உனக்கு விளக்குப் போட்டாளே, அவளுக்கு நீ போட்ட பிச்சை இதுதானா? எனக்கு ஒன்றும் வேண்டாம். அவளை வீட்டுக்கு அனுப்பு.

உச்சிக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. சன்னதிக்குப் பத்தடி இருக்கையில் ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

மேகம் விலகியது.

கீழே ஒரு பருந்து பறந்துகொண்டிருந்தது.

பருந்தின் முதுகை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அதற்கும் கீழே காடு. காட்டுக்கு அப்பால் மலை. அந்த மலைக்குப் பின்னால் இன்னொரு மலை, அதன் பின்னால் நீலமாக இன்னொன்று. எண்ணிப் பார்த்தார். பதினேழில் எண்ணிக்கை தவறியது. மறுபடி எண்ணவில்லை.

மேகம் மலைச்சரிவில் ஏறி வந்து அவர் மேல் மோதிக் கடந்து போனது. சட்டை நனைந்தது. அடுத்த நிமிடமே வெயில். புல் முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது.

இத்தனையும் தினம் தினம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் தறிச் சத்தத்துக்கு நடுவே நின்ற நாளெல்லாம். அவர் பிறப்பதற்கு முன்னாலும்.

தன்னை அறியாமல் பாறையிலிருந்து இறங்கி மண்டியிட்டார்.

நெற்றி புல்லில் பட்டது. சில்லென்று இருந்தது. மண் வாசனை மூக்கில் ஏறியது. ஐம்பது வருஷமாக விறைத்து நின்ற ஏதோ ஒன்று முதுகிலிருந்து கழன்று போனது. தான் இவ்வளவு சின்ன ஆள் என்பது அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது. கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

அப்பனே என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று தெரியாது. பிறகு எழுந்து பாறைக்குள் இருந்த சாமியைக் கும்பிட்டார். பூசாரி நீட்டிய திருநீற்றை நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். இறங்கும்போது கல் குத்தியதுகூடத் தெரியவில்லை.

நாச்சிமுத்து தூரத்திலேயே திருநீற்றைப் பார்த்துவிட்டான். நொண்டிக்கொண்டே எழுந்து வந்தான்.

"கேட்டீங்களா மச்சா?"

அவர் நின்றுவிட்டார்.

நெஞ்சுக்குள் கிணற்றில் கல் விழுந்தது போல ஒன்று இறங்கிக்கொண்டே போனது.

திரும்பி மேலே பார்த்தார். பொழுது இருந்தது. காலும் இருந்தது. இன்னொரு முறை ஏறலாம். அது இரண்டாவது ஏற்றம்.

அதுகூடப் பெரிதில்லை. அந்த நம்பிக்கையெல்லாம் பொய்யாகவே இருந்துவிட்டுப் போகட்டும். மேலே அவர் சந்தோஷமாக இருந்தார். அவளுடைய பெயர்கூட இல்லாத ஒரு சந்தோஷம். இப்போது மறுபடி போய் நின்றாலும் அந்த வெளியின் முன்னால் வாய் திறந்து எதையும் கேட்கத் தன்னால் முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

"மச்சா?"

"கேட்டேன்."

நாச்சிமுத்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி உச்சியைப் பார்த்துக் கும்பிட்டான். சின்னப் பிள்ளை போலத் தேம்பினான். பக்கத்தில் ஒரு பாறை ஓரத்தில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டான்.

"கேட்டுட்டாருங்கம்மா. இனிப் பயமில்ல. அக்காகிட்டச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு முகமெல்லாம் பல்லாக போனை அவரிடம் நீட்டினான்.

"அக்கா பேசணுமாமுங்க."

அவர் வாங்கிக் காதில் வைத்தார்.

முதலில் இழுத்து இழுத்து விடும் மூச்சு மட்டும்தான் கேட்டது. பிறகு அந்த மூச்சுக்கு நடுவிலிருந்து அவள் குரல் வந்தது.

"அங்க ரொம்பக் குளுருதுங்களா?"